செங்கமலத்தின் ரிப்போர்ட்

கம்ப்யூட்டரில் எதையும் அழிக்கும் பழக்கம் எனக்கு இல்லை. அரசாங்க ஆபீசில் தட்டச்சராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். எந்தக் காகிதம் எப்போது தேவைப்படும் என்று சொல்ல முடியாது, எதையும் கிழிக்காதே என்பதைத்தான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சொல்லிக்கொடுத்தார்கள். அதனால் டவுன்லோட்ஸில் எல்லாம் அப்படியே கிடந்தன. மின்கட்டண ரசீது, பட்டா நகல், ராசிபலன், பேரன் பிறந்தபோது மாப்பிள்ளை அனுப்பிய படங்கள். அவற்றுக்கு நடுவில்தான் பரிமளா அந்தக் கோப்புகளைப் பார்த்தாள். நான் ஒளித்து வைத்திருந்ததாக அவள் புகாரில் எழுதியிருந்தால் அது சரியல்ல சார். ஒளிக்கவில்லை. யாரும் திறந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

பெயர் தங்கமுத்து. ஊர் கந்தர்வக்கோட்டைக்குப் பக்கம். பரிமளா எனக்கு ஒரே மகள். மனைவி செங்கமலம் போன மாசியில் இறந்துபோனாள். அதைப் பற்றித்தான் கேட்கிறீர்கள் என்று தெரிகிறது. நிதானமாகச் சொல்கிறேன். எனக்கு இப்போதெல்லாம் வேகமாகப் பேசினால் மூச்சு வாங்குகிறது.

செங்கமலத்தை நீங்கள் பார்த்ததில்லை. பஸ்ஸில் அவள் பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும், ஆதனக்கோட்டை வருவதற்குள் அவர்களுடைய பிள்ளைகள் எத்தனை, மருமகள் எப்படி, கொல்லையில் என்ன மரம் என்பது வரை கேட்டு முடித்திருப்பாள். முந்திரிக்கொல்லையை முழுக்க அவள்தான் பார்த்துக்கொண்டாள். நான் கையெழுத்துப் போட்டதோடு சரி. கொட்டை பொறுக்குவது, காயவைப்பது, வறுத்து உடைக்க ஆள் கூப்பிடுவது எல்லாம் அவள். உடைக்கும்போது பால் பட்டுக் கை வெந்துபோகும். தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டு அதே கையால் எனக்கு இட்லி ஊற்றிக் கொடுப்பாள். ஒரு நாள் படுத்து நான் பார்த்ததில்லை. வீட்டில் உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று எனக்கு இப்போதுதான் தெரியும்.

ஒரு நாள் முற்றத்தில் கொட்டையைக் கிளறிவிட்டுக்கொண்டே சொன்னாள். "என்னங்க, இங்கிட்டு மார்ல ஒரு கட்டி மாதிரி தட்டுப்படுது. வலியெல்லாம் இல்ல. எதுக்கும் காட்டிருவமா?"

காட்டிவிடலாம் என்றேன். புதுக்கோட்டையில் ஒரு பெண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். நான் இழுத்தடித்ததாக யாரும் சொல்ல முடியாது. டாக்டர் ஊசி குத்தி எடுத்துச் சோதிக்கச் சொன்னார். பக்கத்துத் தெருவில் சூசைராஜ் என்று ஒருவர் சின்னதாக ஒரு லேப் வைத்திருந்தார். எடுத்ததைப் பெரிய ஊருக்கு அனுப்பி, அங்கிருந்து வரும் ரிப்போர்ட்டை நம் மெயிலுக்குப் போட்டுவிடுவார். நல்ல மனிதர். பயந்துபோயிருந்த செங்கமலத்துக்கு ஒரு டீ வரவழைத்துக் கொடுத்தார். மெயில் கேட்டார், என்னுடையதைக் கொடுத்தேன். "அம்மா நம்பரும் குடுங்க சார்" என்றார். என் நம்பரே போதும் என்றேன். அன்று என் மனதில் எதுவும் இல்லை. இதை மட்டும் தயவுசெய்து தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

ரிப்போர்ட் வந்தது. அது புற்றுநோய்தான் என்று இருந்தது. நான் செங்கமலத்திடம் ஒன்றுமில்லை என்று சொன்னேன்.

ஏன் என்று கேட்டீர்கள். பரிமளாவின் கல்யாணம் இருந்தது சார். மாப்பிள்ளை வெற்றிசெல்வன் வீட்டார் தங்கமானவர்கள். ஆனாலும் அவர்களும் நாலு பேரோடு இருக்கிறவர்கள். தாய்க்கு மாரில் புற்றுநோய் என்றால் மகளுக்கும் வருமோ என்று யாராவது ஒருவர் கேட்கத்தான் செய்வார். ஒருவர் கேட்டால் போதும். தையில் முகூர்த்தம். அதுவரைக்கும் சொல்லாமல் இருப்போம் என்று நினைத்தேன். பெண்ணைப் பெற்ற எவனும் இப்படித்தான் நினைப்பான்.

இன்னொன்றும் இருக்கிறது. என் அண்ணன் பிச்சைமுத்துவுக்குத் தொண்டையில் இதே நோய் வந்தது. தஞ்சாவூருக்கு அவரைக் கூட்டிக்கொண்டு அலைந்தவன் நான்தான். சீட்டு எழுத ஒரு வரிசை, ஊசி போட ஒரு வரிசை. தாழ்வாரத்தில் துண்டை விரித்துப் படுத்திருப்பேன். அண்ணனுக்கு வாந்தி வந்தால் கையில் ஏந்துவேன். கடைசியில் அவர் என்னைப் பார்த்துச் சைகையில் கேட்டது, வீட்டுக்குக் கூட்டிப்போ என்றுதான். வைத்தியம் என்றால் என்ன என்று தெரிந்தவன் நான். செங்கமலத்துக்கு அதெல்லாம் வேண்டாம் என்று பட்டது. தெரியாமல் இருந்தால் பயம் இல்லை. பயம் இல்லை என்றால் பாதி நோய் இல்லை. அப்படி நினைத்தேன்.

சும்மா வாயால் சொன்னதோடு முடிந்திருக்கும். ஆனால் பரிமளா அப்போது திருச்சியில் வேலையில் இருந்தாள். ரிப்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி அவள் அம்மாவிடம் போனில் கேட்டிருக்கிறாள். செங்கமலம் என்னிடம் வந்தாள். "பேப்பரு ஒண்ணு குடுத்திருப்பாங்கள்ல? புள்ள கேக்குதுங்க."

அதனால் ஒரு பேப்பர் தேவைப்பட்டது.

அது கஷ்டமான வேலை இல்லை. செங்கமலம் கொல்லைக்குப் போயிருந்த ஒரு முற்பகலில் உட்கார்ந்தேன். மார்புக் கட்டியில் கெடுதல் ஏதும் இல்லை என்றால் ரிப்போர்ட்டில் எப்படி எழுதுவார்கள் என்று தேடி, மாதிரி ஒன்றை டவுன்லோட் செய்தேன். வந்த ரிப்போர்ட்டின் தலைப்பையும் கீழே இருந்த கையெழுத்தையும் அப்படியே எடுத்துக்கொண்டேன். நடுவில் இருந்ததை மட்டும் மாற்றித் தட்டச்சு செய்தேன். எழுத்து பொருந்தத்தான் கொஞ்சம் நேரம் பிடித்தது. செங்கமலத்துக்கு ஆங்கிலம் தெரியாது, ஆனால் பரிமளா படிப்பாள். அதனால் ஒரு பிழை இல்லாமல் செய்தேன். என் வாழ்நாளில் என் மேசையிலிருந்து பிழையோடு ஒரு காகிதம் போனதில்லை.

செங்கமலம் அந்தத் தாளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். முருகன் படத்துக்கு முன்னால் வைத்து, மூலையில் விபூதி தொட்டு வைத்தாள். அப்புறம் அதை மடித்து ஒரு மஞ்சள் பைக்குள் போட்டு வைத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டுப் பெண்களிடமெல்லாம் சொன்னாள். "நான் பயந்தே போயிட்டேன்டி. டெஸ்ட்டு எடுத்துப் பாத்தா வெறும் கொழுப்புக் கட்டியாம்." டாக்டரிடம் திரும்பப் போய்க் காட்ட வேண்டாமா என்று கேட்டாள். நான் மட்டும் போய்க் காட்டிவிட்டு வந்ததாகச் சொன்னேன். சந்தேகமே படவில்லை. அவ்வளவு நம்பிக்கை வைத்திருந்தாள்.

கல்யாணம் நன்றாக நடந்தது. ஆல்பம் வீட்டில் இருக்கிறது, வேண்டுமானால் எடுத்துப் பாருங்கள். எல்லாப் படத்திலும் அவள் சிரித்துக்கொண்டிருப்பாள். வந்தவர்களுக்குப் பன்னீர் தெளிப்பது, பந்தியில் நின்று கவனிப்பது, சம்பந்தியம்மாளிடம் பேசுவது என்று மண்டபத்தில் உட்காரவே இல்லை. நான் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்லியிருந்தால் இந்தச் சிரிப்பு இருந்திருக்குமா என்று நினைத்தேன். எனக்கு மனது நிறைவாக இருந்தது.

கல்யாணம் முடிந்ததும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். அதற்குள் முந்திரி காய்த்துவிட்டது. சித்திரை முடியட்டும் என்று இருந்தேன். முடிந்த கையோடு பரிமளா முழுகாமல் இருக்கிறாள் என்று செய்தி வந்தது. தலைப்பிரசவம். அதைத் தாய் வீட்டில்தானே பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது. இன்னொரு சங்கடமும் வந்துவிட்டது. இப்போது சொன்னால், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். நாள் போகப் போக அந்தக் கேள்வி பெரிதாகிக்கொண்டே வந்தது. கட்டியும்தான்.

எங்கள் ஊருக்கு வரும் நர்ஸ் பொன்னுத்தாய் ஒரு நாள் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு பார்க்க வீட்டுக்கு வந்தாள். செங்கமலம் பேச்சுவாக்கில் அவளிடம் காட்டியிருக்கிறாள். மஞ்சள் பையை எடுத்து ரிப்போர்ட்டையும் காட்டியிருக்கிறாள்.

"பேப்பரு கெடக்கட்டுங்க்கா. கட்டி இம்புட்டுக் கெட்டியா இருக்கே. தோலு வேற சுருங்கியிருக்கு. நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போங்க" என்று பொன்னுத்தாய் சொன்னது உள்ளே இருந்த எனக்குக் கேட்டது. வெளியே வந்து, நானே கூட்டிப்போகிறேன் என்று அவளை அனுப்பிவைத்தேன். பிறகு செங்கமலத்திடம், இந்த மாதிரி நர்சுகளுக்கு ஆஸ்பத்திரிக்காரர்கள் ஆளுக்கு இவ்வளவு என்று கமிஷன் கொடுக்கிறார்கள், நல்லா இருக்கிறவர்களையும் நோயாளி ஆக்கிவிடுவார்கள் என்றேன். அவள் முகம் வாடிப்போயிற்று. "நல்ல புள்ளைன்னுல்ல நெனச்சேன்" என்றாள். அதன்பிறகு பொன்னுத்தாய் தெருவில் வந்தால் இவள் கதவைச் சாத்திக்கொள்வாள். அந்தப் பெண் இரண்டு மூன்று தடவை வந்து தட்டிப் பார்த்தாள். அப்புறம் விட்டுவிட்டாள்.

புரட்டாசியில் வளைகாப்பு முடித்துப் பரிமளாவை அழைத்து வந்தோம். வந்த பெண் அம்மாவின் கை வீங்கியிருப்பதைப் பார்த்தாள். கட்டி கசிந்து ரவிக்கை நனைந்திருப்பதைப் பார்த்தாள். வயிற்றுப் பிள்ளையோடு இருந்தவள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, மாப்பிள்ளைக்குப் போன் போட்டு வரவழைத்துத் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போய்விட்டாள். நானும் பின் சீட்டில் ஏறிக்கொண்டேன்.

முன்னால் எப்போதாவது சோதித்தீர்களா என்று டாக்டர் கேட்டார். செங்கமலம் தானே மஞ்சள் பையைத் திறந்து தாளை எடுத்துக் கொடுத்தாள். "அப்பவே பாத்தாச்சுங்க டாக்டர். நல்ல ரிப்போர்ட்டுங்க" என்றாள். டாக்டர் படித்தார். திருப்பி ஒருமுறை படித்தார். இது தப்பான ரிப்போர்ட், எவனோ உங்களை ஏமாற்றியிருக்கிறான், அப்போதே தெரிந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று பரிமளாவிடம் சொன்னார். இப்போது நோய் ஈரலுக்குப் போய்விட்டது என்றார்.

நான் அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். எங்களுக்குப் பின்னால் நிறைய பேர் காத்திருந்தார்கள்.

மறுநாள் மாப்பிள்ளை, அவருடைய சித்தப்பா மகன்கள் இருவர், நான், நாலு பேரும் சூசைராஜின் லேப்புக்குப் போனோம். போக வேண்டாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். மாப்பிள்ளை கேட்கவில்லை. சூசைராஜ் அந்தத் தாளை வாங்கிப் பார்த்து வெளிறிப்போனார். ஓடிப்போய்த் தன் கம்ப்யூட்டரில் தேடி எடுத்துக் காட்டினார். "இந்தா பாருங்க சார், நான் அனுப்புனது இது. புற்றுநோய்னு தெளிவாப் போட்டிருக்கு. இந்தப் பேப்பரு எங்களது இல்ல."

இப்போது மாற்றி வைத்துக்கொண்டு காட்டுகிறாயா என்று மாப்பிள்ளை அவர் சட்டையைப் பிடித்தார். சூசைராஜ் என்னைப் பார்த்தார்.

"சார், ஒங்க மெயிலுக்குத்தானே வந்துச்சு. நீங்க பாத்திருப்பீங்க. நீங்க சொல்லுங்க சார்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "இதுதாம்ப்பா வந்துச்சு" என்றேன். அதற்கு மேல் நான் ஒன்றும் பேசவில்லை. கண்ணாடியை உடைத்ததும் அவரை அடித்ததும் அந்தப் பையன்கள். நான் யார் மேலும் கை வைக்கவில்லை. தப்பு ரிப்போர்ட் கொடுத்துப் பெண்ணைச் சாக விட்ட லேப் என்று ஊரெல்லாம் பேச்சாகி, அவர் கடையைப் பூட்டிவிட்டார். மனைவியின் ஊரான மீமிசலில் மீன் இறக்கும் இடத்தில் ஐஸ் உடைக்கப் போகிறார் என்று கேள்வி. இனி அவர் திரும்பி வந்து கடையைத் திறக்கலாம். அதற்கு என் வாக்குமூலம் உதவும் என்றால் எனக்குச் சந்தோஷம்தான்.

செங்கமலம் தைப் பொங்கலைப் பார்த்தாள். பேரனையும் மடியில் வைத்துக்கொண்டாள், பிறர் தாங்கிப் பிடிக்க. கடைசி நாட்களில் வலிக்கு மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை வேலை செய்யும்போது பழையபடி பேசுவாள். ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"அந்த லேப்புக்காரத் தம்பிய ஒண்ணும் பண்ணாதீங்க. வேணும்னேவா செஞ்சிருக்கும்? ஏதோ கைப்பிசகு. புள்ளகுட்டிக்காரரு. கேசு கீசுன்னு போகாதீங்க. எனக்கு அவரு மேல கோவம் இல்லைங்க."

அது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. தப்புச் செய்தவர் யாராக இருந்தாலும் அவள் மன்னித்துவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன்.

பரிமளா மன்னிக்கவில்லை. கருமாதி முடிந்ததும் வக்கீலைப் பார்த்தாள். லேப் மேல் வழக்குப் போட வேண்டும் என்றால் மெயிலில் வந்த கோப்பே வேண்டும், அச்சடித்த தாள் போதாது என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். மெயிலை அழித்துவிட்டேன் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். அதை மட்டும்தான் அழித்தேன். மெயிலில் இல்லை என்றால் டவுன்லோட்ஸில் இருக்குமே என்று அவள் நினைத்ததில் தப்பில்லை. அவளும் என் மகள்தானே.

நான் கடைத்தெருவுக்குப் போய்விட்டு வந்தபோது பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். திரையில், லேப்பிலிருந்து வந்த ரிப்போர்ட் இருந்தது. பக்கத்தில் நான் செய்தது இருந்தது. மாதிரிக்கு எடுத்ததும் இருந்தது. அவள் அப்போது படித்துக்கொண்டிருந்தது இன்னொன்று. ஒரு ஆஸ்பத்திரி தமிழில் வெளியிட்டிருந்த சின்ன வழிகாட்டி. மார்பில் கட்டி இருந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அதில் இருக்கும். ஆரம்ப நிலையில் வைத்தியம் செய்தால் பெரும்பாலான பெண்கள் பிழைத்து நன்றாக வாழ்கிறார்கள் என்று ஒரு வரி வரும். ரிப்போர்ட் வந்த அன்றே, அது புரிவதற்காக, நான் டவுன்லோட் செய்தது.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. பிள்ளையைத் தட்டுவதையும் நிறுத்தவில்லை. நான் உங்களிடம் சொன்னதைத்தான் அவளிடமும் சொன்னேன். உன் கல்யாணத்துக்காகத்தாம்மா என்றேன். அவள் திரையில் கோப்புக்குப் பக்கத்தில் இருந்த தேதியைப் பார்த்தாள்.

"இது ஆடியிலப்பா. அவங்க பொண்ணு பாக்க வந்ததே ஐப்பசியில. அப்ப எனக்கு மாப்பிள்ளையே பாக்கலையே. யாரு கல்யாணத்துக்காக?"

சார், நான் பொய் சொன்னேன் என்று நீங்கள் நினைக்கக்கூடாது. கல்யாணத்துக்காகத்தான் என்று நான் உண்மையிலேயே நம்பிக்கொண்டிருந்தேன். அவள் கேட்ட பிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன். கல்யாணப் பேச்சு பிறகு வந்து சேர்ந்த காரணம். அண்ணன் பட்ட பாடு ஞாபகம் வந்ததும் பிறகுதான். அன்றைக்கு என்ன நினைத்தேன் என்றுதானே நீங்கள் கேட்கிறீர்கள். எனக்கு அது தெளிவாக ஞாபகம் இருக்கிறது.

மதிய நேரம். ரிப்போர்ட்டைப் படித்து முடித்திருந்தேன். வழிகாட்டியையும் படித்து முடித்திருந்தேன். வைத்தியம் பார்த்தால் பிழைப்பாள் என்று தெரிந்துவிட்டது. பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரிந்துவிட்டது. அடுப்படியிலிருந்து நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வாசம் வந்தது. "என்னங்க, சோறு போட்டுட்டேன். வாங்க" என்று கூப்பிட்டாள். இனிமேல் யார் சமைப்பது, யார் துவைப்பது, தஞ்சாவூருக்கு மறுபடி யார் அலைவது என்றுதான் முதலில் தோன்றியது. ஓய்வு பெற்ற புதிது. எனக்கு அவ்வளவு களைப்பாக இருந்தது. இவள் விழுகிற வரைக்கும் வீடு இப்படியே ஓடட்டும் என்று முடிவு செய்தேன். அது ஒரு நொடியில் செய்த முடிவு. அதை மாற்ற ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தது. மாற்றவில்லை.

போய் உட்கார்ந்தேன். ரிப்போர்ட் வந்துவிட்டதா என்று கேட்டாள். வந்தது, ஒன்றுமில்லை என்றேன். கையெடுத்துக் கும்பிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றவா என்று கேட்டாள். ஊற்று என்றேன்.